மண்ணீரல் 10.8 செ.மீ.

டிஸ்கி: இது மருத்துவப் பதிவு இல்லைங்க. நான் பொட்டி தட்டுற ஆளு, படிச்சது இ.சி.இ. உடம்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் புத்தகத்துல படிச்சதும், ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு கேட்டதும்தான். டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டிட்டுப் போங்க.

போன டிசம்பர்ல அக்கா பையனுக்குக் காய்ச்சல். ஏழு வயசு. ஊர் ஆம்பூர். (இப்ப திருப்பத்தூர் மாவட்டம்னு சொல்லணும். எங்க அப்பாவுக்கு இன்னும் அது வட ஆற்காடுதான். டேனரியில முப்பது வருஷம் வேலை பார்த்தவர், கடுதாசியில அப்படியே எழுதிப் பழகிட்டார்.) ஆறு நாளா காய்ச்சல் இறங்கல. பையன் சாப்பிடல, வயிறு லேசா உப்பிக்கிச்சு. பெங்களூர்ல ஆணி புடுங்கிட்டு இருந்த எனக்கு அக்கா ராத்திரி போன் பண்ணி, "டேய், வேலூருக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு மட்டும் சொன்னா. அவ குரலே சரியில்ல. கிருஷ்ணகிரி ரோட்டுல பஸ் புடிச்சு விடியக்காலைல போய்ச் சேர்ந்தேன்.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பையனோட அக்குள், காது மடல், இடுப்புன்னு ஒவ்வொரு இடமா டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. அக்குள்ல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. "ஸ்க்ரப் டைஃபஸா இருக்கும்"னாங்க. புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடிச்சு வர்ற காய்ச்சல். வேலூர் பக்கம் மழை முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கிற மாசங்கள்ல இது நிறைய வரும். இதுக்கான மருந்துல பெரிய ஆராய்ச்சி ஒண்ணும் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் தலைமையிலதான் நடந்துச்சு. நோய் முத்தினவங்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின்னு ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா, ஒண்ணை மட்டும் குடுக்கறதை விட நல்லா கேக்குதுன்னு 2023-ல நிரூபிச்சாங்க.

அப்புறம் ஒரு தள்ளுவண்டியில ஸ்கேன் மெஷினை உருட்டிட்டு வந்தாங்க. பையன் வயித்துல ஜெல் தடவி, இடது விலாவுக்குக் கீழ வச்சுப் பார்த்தாங்க. திரையில சாம்பல் நிறத்துல பிறை நிலா மாதிரி ஒண்ணு. ரெண்டு முனையிலயும் புள்ளி வச்சு கோடு இழுத்தாங்க. கீழ எழுத்து வந்துச்சு: 10.8 செ.மீ.

"மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கு. இந்த வயசுக்கு பத்துக்குள்ள இருக்கணும்."

நான் கேட்டேன், "பத்துன்னு யார் மேடம் முடிவு பண்ணாங்க?" அக்கா என்னை முறைச்ச முறைப்பு இருக்கே! டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "நல்லா இருக்கிற குழந்தைங்களை நிறைய பேரை அளந்து பார்த்துதான்"னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

சாதாரண பதில்தான். ஆனா அந்தப் பதில் வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு, அது இல்லாத காலத்துல என்னென்ன நடந்துச்சுன்னு அப்புறம் ரெண்டு மாசம் தேடிப் படிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அடிப்படை. பெருசா ஒரு தொற்று வந்தா உடம்போட எதிர்ப்புப் படைக்கு ரெண்டு இடத்துல மாற்றம் தெரியும். ஒண்ணு மண்ணீரல். ரத்தத்தை வடிகட்டுற இடம். மலேரியா, டைஃபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ் மாதிரி நோய் வந்தா வேலை கூடிப்போய் வீங்கும். இன்னொண்ணு தைமஸ் சுரப்பி. நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல உக்காந்திருக்கும். குழந்தைகளுக்குப் பெருசு, வயசாக ஆகக் கொழுப்பா கரைஞ்சு போகும். டி செல்னு சொல்றோமே, அந்த 'டி' தைமஸ்லேர்ந்து வந்ததுதான். கடுமையான நோய், பட்டினி எது வந்தாலும் தைமஸ் சில நாள்லயே சுருங்கிடும். ஒண்ணு வீங்கும், ஒண்ணு சுருங்கும். இந்த ரெண்டு விஷயத்தையும் சரியா அளக்கத் தெரியாததுக்கு மனுஷன் குடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்ல.

மண்ணீரல் கதையை முதல்ல சொல்றேன். எங்க ஆயா வயித்துல இடது பக்கம் வட்டமா ஒரு தழும்பு இருக்கும். (எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. மெட்ராஸ்காரங்க தப்பா எடுத்துக்காதீங்க.) சின்ன வயசுல காய்ச்சல் வந்து வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சாம். "கட்டி"ன்னு சொல்லி சூடு போட்டுட்டாங்களாம். வீங்கின மண்ணீரல் விலாவுக்குக் கீழ இறங்கினா கையில தட்டுப்படும், கட்டி மாதிரியேதான் இருக்கும். ஆனா கையில தட்டுப்படணும்னா அது சாதாரண அளவை விட ரெண்டு மூணு மடங்கு பெருகியிருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா எந்தக் கைக்கும் தெரியாது. ஸ்கேன் வர்ற வரைக்கும் உலகம் பூரா இருந்த ஒரே கருவி கைதான்.

அந்தக் கையை வச்சுக்கிட்டே ஒருத்தர் பிரமாதமான வேலை பண்ணியிருக்கார். 1840-கள்ல வடக்கே கர்னால் கன்டோன்மென்ட்ல சிப்பாய்ங்க காய்ச்சல்ல கொத்துக்கொத்தா விழுந்தாங்க. முகாமையே காலி பண்ண வேண்டியதாச்சு. பக்கத்துல ஓடுன யமுனைக் கால்வாய்தான் காரணமான்னு பார்க்க கம்பெனி சர்க்கார் மூணு பேர் கமிட்டி போட்டுச்சு. அதுல டாக்டர் டெம்ப்ஸ்டர். இன்னொருத்தர் யூல்னு ஒரு இளம் எஞ்சினியர். ஆமாங்க, பின்னாடி 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி போட்ட அதே ஹென்றி யூல்தான். 'கட்டுமரம்', 'மிளகுத்தண்ணி' எல்லாம் இங்கிலீஷ்ல எப்படிப் போச்சுன்னு நாம தேடுவோமே, அந்த அகராதி.

அப்ப மலேரியா எதனால வருதுன்னே யாருக்கும் தெரியாது. ஒட்டுண்ணியை லாவெரான் பார்த்தது 1880-ல. கொசு வயித்துக்குள்ள ராஸ் அதைப் பார்த்தது 1897-ல, செகந்திராபாத்ல. டெம்ப்ஸ்டர் பண்ணது ரொம்ப எளிமையான வேலை. கால்வாய் ஓரம் இருந்த ஊர்கள், தள்ளி இருந்த ஊர்கள்னு போய், ஜனங்களை வரிசையா நிக்க வச்சு வயித்தை அமுக்கிப் பார்த்தார். நூத்துல எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுதுன்னு கணக்கு எடுத்தார். தண்ணி தேங்கற ஊர்ல கணக்கு எகிறுச்சு. 1847-ல அறிக்கை வந்துச்சு. காரணமே தெரியாத ஒரு நோயை ஊர் ஊரா அளந்து காட்டுன முதல் ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். மலேரியாக் கணக்கெடுப்புல இந்த முறை அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல ஓடுச்சு. 1944-ல ஹாக்கெட்னு ஒருத்தர் சைபர்லேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட வழி பண்ணினார். தட்டுப்படலைன்னா சைபர், தொப்புளைத் தாண்டினா நாலு, இன்னும் கீழ போனா அஞ்சு. எங்க ஆபீஸ் அப்ரைசல் மாதிரியே இருக்குல்ல.

ஆக, 1847-லயே சர்க்காருக்கு ஒரு விஷயம் எழுத்துல தெரியும். இந்த நாட்டுல காய்ச்சல் அடிக்கிற ஊர்கள்ல ஏகப்பட்ட பேரு வீங்கின மண்ணீரலோடதான் நடமாடுறாங்க. வீங்கின மண்ணீரல் பழுத்த பழம் மாதிரி. சின்ன அடிக்கே கிழியும், உள்ளயே ரத்தம் கொட்டி ஆளு போயிடுவார்.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஆக்ராவுக்கு வாங்க. 1875, ஒரு ஞாயித்துக்கிழமை. ஃபுல்லர்னு ஒரு வெள்ளைக்கார வக்கீல் குடும்பத்தோட சர்ச்சுக்குக் கிளம்புறார். வண்டி வாசல்ல நிக்குது, குதிரைக்காரர் கத்வாரு வரல. கொஞ்ச நேரம் கழிச்சு வர்றார். ஃபுல்லர் அவரை அறைஞ்சு, தலைமுடியைப் பிடிச்சு இழுக்குறார். கத்வாரு கீழ விழுறார். எழுந்து பக்கத்து வளாகத்துக்குப் போறார், கொஞ்ச நேரத்துல செத்துப் போறார். அறுத்துப் பார்த்தா மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. ஏற்கெனவே வீங்கின மண்ணீரல்.

மாஜிஸ்திரேட் லீட்ஸ் குடுத்த தண்டனை முப்பது ரூபா அபராதம். அந்தக் காசு விதவைக்குப் போகணும். அவ்ளோதான்.

லீட்ஸ் சட்டத்தை மீறிட்டார்னு சொல்ல முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-லயே வந்துடுச்சு. நோயாளியை அடிச்சு அவர் சாவைச் சீக்கிரமாக்கினா அதுவும் சாவுக்குக் காரணமானதுதான்னு அதுலயே விளக்கம் போட்டிருந்தாங்க. ஆனா கொலைங்கற இடத்துக்குப் போகணும்னா, அவருக்கு அப்படி ஒரு நோய் இருந்தது அடிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கணும். சாதாரண ஆளா இருந்தா செத்திருக்க மாட்டார், நோய் இருந்தது எனக்குத் தெரியாதுன்னா தப்பிச்சுடலாம். இந்தத் 'தெரியாது' இருக்கே, இதுதான் ஓட்டை. பங்கா இழுக்குறவர், சமையல்காரர், குதிரைக்காரர்னு அந்த நூற்றாண்டுல எத்தனையோ சாவு 'மண்ணீரல் கிழிஞ்சு'ன்னு எழுதி முடிஞ்சிருக்கு. ஒருத்தனை உதைச்சுக் கொன்னதுக்கு, செத்தவனோட உடம்பே சாட்சிக் கூண்டுல ஏறி 'தப்பு என்னுதுதான்'னு சொன்ன மாதிரி.

நான் திரும்பத் திரும்ப யோசிச்சது இதுதான். டெம்ப்ஸ்டர் ஊர் ஊரா அமுக்கிப் பார்த்து கணக்கு குடுத்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. கல்கத்தாவுல டாக்டர்ங்க சட்ட மருத்துவப் புத்தகத்துலயே மண்ணீரல் கிழியுறதைப் பத்தி விலாவாரியா எழுதி வச்சிருந்தாங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், கோர்ட்டுக்குள்ள வந்தா மட்டும் ஒவ்வொரு தடவையும் யாருக்கும் தெரியாது.

வைஸ்ராய் லிட்டன் 1876-ல இந்தத் தீர்ப்பைக் கடுமையாக் கண்டிச்சு ஒரு குறிப்பு எழுதினார். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எல்லாம் லிட்டன் மேல பாய்ஞ்சாங்க. அலகாபாத் ஹைகோர்ட்டைக் கேட்டதுக்கு, தண்டனை லேசுதான், ஆனா பெருசா குத்தம் சொல்றதுக்கு இல்லைன்னுட்டாங்க. லிட்டனை நல்லவர்னு நினைச்சுடாதீங்க. அதே ஆள் ஆட்சியிலதான் 1876-78 தாது வருஷப் பஞ்சம். எங்க வட ஆற்காடும் சேர்ந்துதான் செத்துச்சு. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும்னு டெம்பிள் துரை முடிவு பண்ணது இந்தப் பஞ்சத்துலதான். ஒரு குதிரைக்காரருக்காகக் கோபப்பட்ட பேனா, லட்சக்கணக்கான பேருக்கு ஏன் அசையலைன்னு கேக்கத் தோணுது. தனிப் பதிவா போடணும், ஆணி குறையட்டும்.

சரி, இப்ப தைமஸ். இந்தக் கதை நம்ம ஊர்ல நடந்தது இல்ல, ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் நடந்தது. ஆனா மண்ணீரல் கதையைக் கண்ணாடியில திருப்பிக் காட்டின மாதிரியே இருக்கும்.

தூங்கப் போட்ட குழந்தை காலையில எந்திரிக்கல. காய்ச்சல் இல்ல, சளி இல்ல, எதுவும் இல்ல. அப்படிப்பட்ட குழந்தைங்களை அறுத்துப் பார்த்த டாக்டர்ங்க நெஞ்சுல பெரிய தைமஸைப் பார்த்தாங்க. 'இவ்ளோ பெருசா இருந்தா மூச்சுக்குழாயை அமுக்கத்தான் செய்யும்'னு முடிவு பண்ணாங்க. 1889-ல வியன்னாவுல பால்டாஃப் இதுக்கு ஒரு நோய்ப் பேரே வச்சார். தைமஸ் பெருத்த உடம்புவாகு, திடீர்னு சாகும்னு. மயக்க மருந்து குடுத்து யாராச்சும் செத்தாலும் பழி தைமஸ் மேலதான்.

எங்க தப்பு? 'சாதாரண' தைமஸ் எவ்ளோன்னு அவங்க எங்கேர்ந்து கத்துக்கிட்டாங்கன்னு பாருங்க. அறுவை மேசைக்கு வந்த உடம்புங்கள்லேர்ந்து. யாரோட உடம்பு வரும்? கேக்க ஆள் இல்லாத ஏழைங்க. பிரிட்டன்ல 1832 சட்டப்படி, உரிமை கோராத அனாதை விடுதி உடம்புங்க மருத்துவக் கல்லூரிக்குப் போகும். ஆஸ்பத்திரியில மாசக்கணக்குல காசநோய், பேதின்னு கிடந்து செத்த குழந்தைங்க. அவங்க தைமஸ் எல்லாம் நோயிலயும் பட்டினியிலயும் சுருங்கி நூலா போயிருக்கும். அதுதான் சாதாரணம்னு பாடப்புத்தகத்துல ஏறிடுச்சு. நல்லா சாப்பிட்டு, நோய் இல்லாம, திடீர்னு செத்த குழந்தையோட தைமஸ்தான் நிஜமான சாதாரண அளவு. அது அவங்க கண்ணுக்கு 'வீக்கமா' தெரிஞ்சுது.

டெஸ்ட் டேட்டாவே கெட்டுப் போயிருந்தா சரியான புரோகிராமும் தப்பாத்தான் தெரியும். நம்ம தொழில்ல தினம் பார்க்கறதுதானே. என்ன, நமக்குப் போனா ஒரு ரிலீஸ் போகும்.

அவங்க வைத்தியத்துல இறங்கிட்டாங்க. 1907-ல அமெரிக்காவுல சின்சினாட்டியில ஃப்ரீட்லேண்டர்னு ஒரு டாக்டர் குழந்தையோட தைமஸ்ல எக்ஸ்ரே பாய்ச்சி சுருங்க வச்சார். அது அப்ப புது டெக்னாலஜி, ஊரே மயங்கிக் கிடந்த காலம். சுருங்குச்சு, ஆமா, கதிர் பட்டா தைமஸ்தான் முதல்ல சுருங்கும். வெற்றி! அடுத்த நாற்பது வருஷம் ஆயிரக்கணக்கான குழந்தைங்களுக்கு நெஞ்சுல கதிர். பல பேருக்கு நோயே இல்ல. கதிர் பாயுற பாதையில, கழுத்துல, தைராய்டு இருக்கு. 1950-ல டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ரெண்டு பேர் தைராய்டு புற்று வந்த 28 சின்னப் பசங்களோட பழைய கதையைத் தோண்டினாங்க. அதுல 10 பேருக்குக் கைக்குழந்தையா இருந்தப்ப தைமஸுக்குக் கதிர் குடுத்திருந்தாங்க. அப்புறம் ரோச்செஸ்டர்ல அப்படிக் கதிர் வாங்கின ரெண்டாயிரத்துக்கும் மேலான பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தப்ப அது உறுதியாச்சு.

கொடுமை என்னன்னா, தைமஸ் எதுக்கு இருக்குன்னே அப்ப யாருக்கும் தெரியாது. லண்டன்ல ஜாக் மில்லர் சுண்டெலிக் குட்டிங்களுக்குத் தைமஸை எடுத்துட்டுப் பார்த்து, எதிர்ப்பு சக்தியே அங்கேர்ந்துதான் கிளம்புதுன்னு கண்டுபிடிச்சது 1961-ல. அதுக்கு முன்னாடியே ஒரு தலைமுறைக் குழந்தைங்களுக்கு அதைச் சுட்டாச்சு.

இங்கயும் 'தெரியாது'ன்னு சொல்ல முடியாதபடி ஒரு ஆள் இருக்கார். ஜான் சைமன், லண்டன் டாக்டர். 1845-லயே தைமஸைப் பத்தி ஒரு புத்தகம் எழுதி, சாப்பாடு குறைஞ்ச உடம்புல இது சுருங்கும், உடம்பு எந்த நிலைமையில இருக்குன்னு காட்டுற அளவுமானி மாதிரின்னு சொல்லிட்டார். அங்க சைமன் 1845, இங்க டெம்ப்ஸ்டர் 1847. ரெண்டு பேரும் ஏழை உடம்பை ஒழுங்காப் பார்த்து எழுதி வச்சாங்க. ரெண்டும் அலமாரியிலயே இருந்துச்சு. இங்க ஏழையோட வீக்கத்தைக் காட்டி அடிச்சவனைக் காப்பாத்தினாங்க. அங்க ஏழையோட சுருக்கத்தை அளவுகோலா வச்சு நல்லா இருந்த குழந்தையைச் சுட்டாங்க. பிரிட்டன்ல ஒரு கமிட்டி போட்டு, விபத்துல செத்த ஆரோக்கியமான உடம்புங்களை அளந்து பார்த்து, அப்படி ஒரு நோயே இல்லைன்னு 1931-ல சொன்னதுக்கு அப்புறமும் கதிர் உடனே நிக்கல.

இதுல அல்ட்ராசவுண்ட் எங்க வருதுன்னா, உயிரோட இருக்கிற, நல்லா இருக்கிற உடம்பை, கெடுதல் பண்ணாம, எத்தனை தடவை வேணும்னாலும் அளக்க முடிஞ்சது அதுக்கு அப்புறம்தான். கைக்குச் சின்ன வீக்கம் தெரியாது. எக்ஸ்ரேவைத் தினம் எடுக்க முடியாது. அறுத்துப் பார்த்தா ஒரே ஒரு தடவைதான், அதுவும் செத்தப்புறம்.

இதோட பிறப்பு எங்க சாதிக் கதை, அதாவது எஞ்சினியர் சாதி. கிளாஸ்கோவுல இயன் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு டாக்டர். பாய்லர் கம்பெனியில இரும்புல விரிசல் தேடுற ஒலி மெஷின் இருக்குன்னு கேள்விப்பட்டு, 1955-ல ஆபரேஷன்ல எடுத்த கட்டிங்களை ரெண்டு கார்ல ஏத்திட்டு அங்க போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டுக்கறித் துண்டு. (ஆம்பூர்க்காரன் இந்த இடத்துல பெருமூச்சு விடுறதுல தப்பில்ல.) அப்புறம் டாம் பிரவுன்னு இருபதுகள்ல இருந்த ஒரு எஞ்சினியர் இதைக் கேள்விப்பட்டு, தானா போன் போட்டு டொனால்டோட சேர்ந்தார். படமா காட்டுற மெஷினைக் கட்டினது அவர்தான். 1958-ல லான்செட்ல கட்டுரை வந்துச்சு. டொனால்டு பேர் எல்லாருக்கும் தெரியும், பிரவுன் பேர் தெரியாது. விட்டுத் தள்ளுங்க, நம்ம பொழப்பு அப்படித்தான்.

ஒலி எலும்பைத் தாண்டாது, காத்தையும் தாண்டாது. அதனால பெரியவங்க தைமஸை ஸ்கேன்ல பார்க்கறது கஷ்டம். கைக்குழந்தைக்கு நெஞ்செலும்பு இன்னும் குருத்தெலும்பா இருக்கும், ஒலி புகுந்துடும். 1990-கள்ல டென்மார்க்ல குறுக்கு அகலத்தை நெடுக்குப் பரப்பால பெருக்கி ஒரு கணக்கு வச்சு, நல்லா இருக்கிற குழந்தைங்களை அளந்தாங்க. அதே சமயம் பொலிவியாவுல, கொச்சபம்பாவுல, கடுமையான ஊட்டக்குறைவோட வந்த குழந்தைங்களை சேவாலியே குழு வாராவாரம் ஸ்கேன் பண்ணிப் பார்த்துச்சு. வந்தப்ப தைமஸ் கிட்டத்தட்ட காணோம். சாப்பாடு குடுத்து ஒரு மாசத்துல எடை ஏறிடுச்சு. வழக்கமா அதோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா தைமஸ் பழையபடி வளர ரெண்டு மாசம் ஆச்சு. எடையை நம்பி அனுப்பின குழந்தை, எதிர்ப்புப் படை பாதி கட்டின நிலைமையில ஊருக்குத் திரும்பி, அதே தண்ணியைக் குடிச்சு, அடுத்த காய்ச்சல்ல விழும்.

மேற்கு ஆப்பிரிக்காவுல கினி-பிசாவுல பீட்டர் ஆபி குழு பிறந்த குழந்தைங்களோட தைமஸை ஸ்கேன்ல அளந்து, ஊர்ல அவங்க எப்படி வளர்றாங்கன்னு பார்த்தாங்க. சின்ன தைமஸோட பிறந்த குழந்தைங்கதான் அதிகம் இறந்தாங்கன்னு 2002-ல எழுதினாங்க. பால்டாஃப் சொன்னதுக்கு நேர் எதிர். பெருசா இருந்தா சாவுன்னு நூறு வருஷம் முன்னாடி சொன்னாங்க, சிறுசா இருக்கறதுதான் ஆபத்துன்னு இப்ப அளந்து காட்டுறாங்க. கருவுல இருக்கிற குழந்தையோட தைமஸையும் இப்ப பார்க்கிறாங்க. பனிக்குடம் சீக்கிரம் உடைஞ்சு உள்ள கிருமி புகுந்திருந்தா, தைமஸ் சுருங்கியிருக்கறது ஸ்கேன்ல தெரிஞ்சுடுதுன்னு 2000-களுக்கு அப்புறம் பல ஆய்வு வந்திருக்கு.

கரு ஸ்கேன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர்ல எந்த ஸ்கேன் ரூம் வாசல்லயும் முதல்ல கண்ணுல படுறது, ஆணா பெண்ணான்னு சொல்றது சட்டப்படி குற்றம்னு ஒரு போர்டு. 1994 சட்டம். ஒவ்வொரு மெஷினையும் பதிவு பண்ணணும், கையில எடுத்துட்டு ஊர் ஊரா போக முடியாது. பையன் வார்டுல உருட்டிட்டு வந்த மெஷின்லயும் ஒரு பதிவு எண் ஒட்டியிருந்துச்சு. டெம்ப்ஸ்டர் கையால பண்ண வேலையை ஒரு நர்ஸ் இன்னிக்கு கையடக்க ஸ்கேனோட பேர்ணாம்பட்டு மலையடிவாரத்துல சுலபமா பண்ணிடலாம். கருவி ரெடி. ஆனா நாமதான் அதே கருவியை வச்சுப் பொண்ணுங்களைப் பொறக்கவே விடாம பண்ணோம், சட்டம் போட்டுக் கட்டிப்போட வேண்டி வந்துச்சு. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல.

அக்கா பையனுக்கு மூணாம் நாள் காய்ச்சல் இறங்குச்சு. அஞ்சாம் நாள் இட்லி கேட்டான். டிஸ்சார்ஜ் ஆகி பத்து நாள் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருந்தாங்க. இந்தத் தடவை ஆயாவும் கூட வந்தாங்க, எண்பத்து ரெண்டு வயசு, வேணாம்னா கேக்கல. பையன் படுத்துக்கிட்டான். அதே டாக்டரம்மா, அதே ஜெல், அதே சாம்பல் நிறப் பிறை. புள்ளி வச்சாங்க, கோடு இழுத்தாங்க.

9.3.

ஆயா எட்டி எட்டித் திரையைப் பார்த்தாங்க. "என்னம்மா அது?"ன்னு கேட்டாங்க.

"மண்ணீரல் பாட்டி. வீக்கம் வத்திடுச்சு."

"எங்க இருக்குது?"

டாக்டரம்மா பையனோட இடது விலாவுக்குக் கீழ விரலை வச்சுக் காட்டினாங்க. ஆயா ஒரு நிமிஷம் பார்த்துட்டு, தன் சேலைக்கு மேல அதே இடத்துல கையை வச்சுக்கிட்டாங்க. "இந்தக் கோலு அப்ப இருந்திருக்கலாம்"னு சொல்லிட்டு, பையன் சட்டையைக் கீழ இழுத்து விட்டாங்க.